மஞ்சப் பாட்டில்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துவது என் பிழைப்பு. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. பதினெட்டு வருஷமாக அதே பாடம், அதே பலகை. சுவாசித்தல் பாடம் வந்துவிட்டால் ஸ்டாஃப் ரூமில், "இன்னைக்கு மேடத்துக்குப் பண்டிகைங்கோ" என்று கேலி செய்வார்கள். பொய்யில்லை. சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் புத்தகத்தைத் திறக்காமல் பலகை நிறைய வரைந்து, ஒரு அம்புக்குறி பிசகாமல் முடித்துவிட்டுத் திரும்பி நிற்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை. பெருமை என்று நாசூக்காகச் சொல்கிறேன். படித்த திமிர் என்று எழுதினால்தான் சரி.

அந்தப் பாடத்தை நான் பனியன் கம்பெனியை வைத்துத்தான் நடத்துவேன். என் வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாவோ அப்பாவோ கம்பெனிக்குப் போகிறவர்கள். குளுக்கோஸ் என்பது கம்பெனிக்கு வந்து இறங்குகிற துணி. அதை முதலில் இரண்டாக வெட்டுகிறார்கள், அந்தத் துண்டுக்குப் பைருவேட் என்று பேர். அது மைட்டோகாண்ட்ரியா என்கிற தையல் ஹாலுக்குள்ளே போக வேண்டும். வாசலில் உட்கார்ந்திருக்கிற நொதி அதிலிருந்து ஒரு கார்பனைக் கத்தரித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை உள்ளே தள்ளும். உள்ளே நாலு கார்பனோடு ஒரு பொருள், தைக்கிற துணி போடுகிற காலிப் பிளாஸ்டிக் டப் மாதிரிக் காத்திருக்கும். இரண்டு கார்பன் அதில் விழுந்ததும் ஆறு கார்பன் சிட்ரிக் அமிலம். அந்த டப் மெஷின் மெஷினாகத் தள்ளிக்கொண்டு போகப்படும். போகிற வழியில் இரண்டு கார்பன் வேஸ்ட்டாகக் கழிந்து, நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயுவாக வெளியே போகும். கிடைக்கிற சக்தியைச் சுமந்துகொண்டு வண்டிகள் கிளம்பும். டப் மறுபடி காலியாகி முதல் மெஷினுக்கே வந்து நிற்கும். அடுத்த சுற்று. உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஒரு விநாடி விடாமல் இந்த லைன் ஓடுகிறது என்று சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் கையையே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு மார்க் கேள்வி ஒன்று உண்டு. வாசலில் இருக்கிற நொதிக்குத் தேவையான துணைநொதி எதிலிருந்து வருகிறது? விடை, தயமின். அதாவது வைட்டமின் பி ஒன். உள்ளே சுழற்சியின் நடுவில் இருக்கிற இன்னொரு நொதிக்கும் அதுவேதான் வேண்டும். ஒரு வருஷம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "மிஸ், அந்தத் தயமின் உடம்புல இல்லாமயே போயிட்டா என்னாகும் மிஸ்?" என்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. "அது எக்ஸாமுக்கு வராது, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

பனியன் கம்பெனிக் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தங்கை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் கட்டிக்கொடுத்தது வரைக்கும் நான்தான். பிளஸ் டூ முடித்ததும், "போதுமுங்க்கா, ஊட்டுல ஒரு டீச்சர் இருந்தாப் பத்தாதா?" என்று கம்பெனிக்குப் போய்விட்டாள். செக்கிங் டேபிள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என் புடவையில் எனக்கே தெரியாத பொத்தலை வாசலிலேயே கண்டுபிடித்துச் சிரிப்பாள்.

ஒருநாள் நான் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தயமினைப் பற்றிச் சொன்னதும், "அது ஊசி மாதிரியாட்ட இருக்குதுங்க்கா" என்றாள். அவர்கள் கம்பெனியில் மெஷின் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்களாம். துணியோடு ஒரு துண்டு போய், போடுகிறவர் உடம்பில் குத்திவிடக் கூடாதே. "துண்டு கெடைக்கற வரைக்கும் அந்த மெஷின் நின்னுருமுங்க்கா. ஆளிருக்கும், கரண்ட் இருக்கும், நூலிருக்கும். இத்தினியூண்டு ஊசி இருக்காது. முன்னால இருக்கறவ அது தெரியாம தெச்சுத் தெச்சுத் தள்ளீட்டே இருப்பா. பீஸு குமிஞ்சு போயிரும்." நான் அதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் வகுப்பில் தயமின் என்றால் ஊசி.

போன வருஷம் ஆடி மாசம் அவள் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து. அவள் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கம், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், கம்பெனியிலேயே பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டார்கள். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். சேதி சொல்ல வந்த மனுஷன் பேச்சு வராமல், "மதினி... மதினி..." என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டினார்.

இரண்டாம் மாசத்திலிருந்து வாந்தி. மசக்கைதானே, எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். சோறு ஆகவில்லை, ரசம் ஆகவில்லை, கடைசியில் வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஏழு வாரம். "வாந்தி எச்சா எச்சா வருதுங்க்கா, கொடலே வெளிய வந்துருமாட்ட இருக்குது" என்று சுவரோடு சாய்ந்துகொள்வாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நானும் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்து பாரு கண்ணு, கொஞ்ச நாள்தான்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். ஏழு வாரம் ஒரு மனுஷி சாப்பிடவில்லை என்றால் உடம்பில் என்னென்ன தீர்ந்துபோகும் என்று, பாடம் நடத்துகிற எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குகளைப் பார்க்க வேண்டும். வாரம் பூராவும் ஓவர்டைம் பார்த்தவர்கள் வரிசையாகப் படுத்துக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல் இருக்காது, ஒரு நோயும் இருக்காது. "அசதியா இருக்குதுங்க, ஒரு பாட்டில் போட்டு உடுங்க" என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள். பீகார்ப் பையன்கள்கூட வந்த மூன்றாம் மாசமே இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதிலும் மஞ்சப் பாட்டிலுக்குத்தான் மவுசு. வைட்டமின் மருந்தை ஊசியால் பாட்டிலுக்குள் ஏற்றினால் குளுக்கோஸ் மஞ்சளாக மாறும். அதைப் போட்டால்தான் தெம்பு வரும், வெள்ளைப் பாட்டில் வெறும் தண்ணீர் என்று கம்பெனிப் பெண்கள் அடித்துச் சொல்வார்கள். என் தங்கை சொல்வதையும் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலரைப் பார்த்து மருந்தை நம்புகிற சனம் என்று வாய் விட்டே திட்டியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. நானும் அவள் வீட்டுக்காரரும் ஆட்டோவில் வைத்து அந்தக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது என்றுதான் முதலில் சொன்னார். நான்தான் விடவில்லை. "சார், வாந்தியில சர்க்கரை கொறைஞ்சிருக்கும். செல்லுக்கு எரிபொருள் இல்லை, அவ்வளவுதான். குளுக்கோஸ் போட்டாப் போதும்" என்றேன். உயிரியல் டீச்சர் என்றும் சொல்லிக்கொண்டேன். அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எழுதிக்கொடுத்துவிட்டார்.

நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள். "ஏனுங்க, மஞ்ச மருந்து சேத்துப் போட்டரட்டுங்ளா?"

தங்கை கண்ணைத் திறந்து, "ஆமாங்க்கா, மஞ்சப் பாட்டிலே போடச் சொல்லுங்க்கா" என்றாள்.

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "மஞ்ச எல்லாம் சும்மா கலரு, அம்மணி. வெறும் குளுக்கோஸ் போதும். சர்க்கரை உள்ள போனா செல்லு தானா எரிச்சு சக்தி எடுத்துக்கும். அக்கா பாடமே நடத்தறேனில்ல?" நர்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். தங்கை, "நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் அப்போது மருந்துக் கடையில் நின்றிருந்தார். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு.

நாலு நாள் அந்தக் கிளினிக்கிலேயே, தினமும் இரண்டு பாட்டில். நான் லீவு போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டில் காலியாகும்போது எனக்கு ஒரு திருப்தி வரும். இவ்வளவு சர்க்கரை உள்ளே போயிருக்கிறது, இனி எழுந்துவிடுவாள் என்று.

ஐந்தாம் நாள் காலையில் அவள் சுவரைப் பார்த்து, "எதுக்குங்க்கா ரெண்டு கடியாரம் மாட்டி வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டாள். ஒரு கடிகாரம்தான் இருந்தது. கண்மணிகள் நிலையாக நிற்காமல் வெட்டி வெட்டி ஓடின. பாத்ரூமுக்குக் கூட்டிப்போக எழுப்பினேன். காலை அகட்டி வைத்து, கப்பலில் நிற்கிறவளைப் போல் ஆடி, என் மேலேயே சாய்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஷிப்மெண்ட்டுங்க, சீக்கிரம் உடுங்க" என்றாள். என்னை அவளுடைய சூப்பர்வைசர் என்று நினைத்துவிட்டாள்.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர், வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். "எத்தனை வாரமா வாந்தி?" ஏழு என்றேன். "டிரிப் போட்டாங்களா?" போட்டார்கள் என்றேன். "வெறும் குளுக்கோஸா, வைட்டமின் சேத்துப் போட்டாங்களா?"

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. ஊசி இல்லை. ஏழு வாரத்தில் அவள் உடம்பில் தயமின் தீர்ந்துவிட்டது. வாசல் மெஷினும் நின்றுவிட்டது, நடு மெஷினும் நின்றுவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த தயமினையும் அந்தச் சர்க்கரையே இழுத்துத் தீர்த்திருக்கும். பைருவேட் உள்ளே போக வழியில்லாமல் குவிந்து, லாக்டிக் அமிலமாகப் புளித்திருக்கும். மூளை மற்ற உறுப்பு மாதிரி இல்லை, சக்திக்கு அந்தச் சுழற்சியையே நம்பிக் கிடப்பது. அங்கேதான் செல்கள் முதலில் சாகும். ஒரு மார்க் கேள்வி. எத்தனை பேரை அதற்காக முட்டி போட வைத்திருக்கிறேன்!

"தெரியலீங்க டாக்டர்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வைட்டமின் பி ஒன் குறைபாடு, மூளையில் நினைவைக் காக்கிற இடம் அடிபட்டிருக்கிறது, நரம்பு வழியாக அதிக அளவில் தயமின் போகிறது, இனி எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கலாம் என்றார். அந்த மஞ்சள் மருந்தில் இருக்கிற தயமின் அளவு போதுமாக இருந்திருக்குமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "போதாமலும் இருந்திருக்கலாம், காப்பாத்தியும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அதையே இன்று வரைக்கும் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் வயிற்றில் இருந்ததும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நீங்க மட்டும் இல்லன்னா இவளயும் தூக்கிக் குடுத்துருப்பேன்" என்று அழுதார். அந்த மனுஷனுக்கு நான் தெய்வம். அவர் கையிலிருந்து என் கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் திராணி இல்லை.

கண் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நடை இரண்டு மாசத்தில் ஓரளவு வந்தது. ஞாபகம்தான் வரவில்லை. சின்ன வயதில் நடந்தது, கல்யாணம், கம்பெனியில் யார் யார், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆடி மாசத்துக்கு அப்புறம் எதுவும் ஒட்டவில்லை. காலையில் தின்ற இட்லி பத்து மணிக்கு நினைவில்லை. நான் கடைக்குப் போய்விட்டு வந்தால், "வாங்க்கா, எப்ப வந்தீங்க?" என்று சந்தோஷமாக வரவேற்பாள். இப்போது அவர்கள் இருவரும் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார், பகலில் நான் வரும்வரை அவர் பார்த்துக்கொள்கிறார்.

கம்பெனியில் ஒரு கட்டுப் பீஸ் கொடுத்துவிட்டார்கள், கைக்குப் பழக்கமான வேலை என்று. முதல் பனியனை விரித்தாள். ஒரு பார்வையில் அக்குள் பக்கம் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டினாள். திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அதை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அதையே எடுத்து விரித்தாள். "ஆரோ முன்னாலயே பாத்துட்டாங்களாட்ட இருக்குதுங்க்கா" என்று ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். மடித்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். மதியம் வரைக்கும் ஒரே பனியன். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த வருஷமும் சுவாசித்தல் பாடம் வந்தது. வட்டம் வரைந்தேன். வாசல் நொதிக்கு வந்ததும் சாக்பீஸ் நகரவில்லை. யாராவது ஒருத்தி, தயமின் இல்லாவிட்டால் என்னாகும் என்று கேட்க வேண்டும், அந்தப் பிள்ளைக்காவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று திரும்பி நின்றேன். ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாரும் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். நானாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. மீதியை வரைந்து முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தங்கையிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை சொன்னபோது அழுதாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "போச்சாது உடுங்க்கா, நீங்க வேணும்னா பண்ணுனீங்க?" என்றாள். என் தலையில் இருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. காபி போட்டுக்கொண்டு வந்தேன். "ஏங்க்கா அழுதிருக்கறீங்க? ஆருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே அழுதாள், அப்படியே மன்னித்தாள், அப்படியே மறந்தாள். மூன்றாம் தடவை அவள் அழ ஆரம்பித்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. என் பாரத்தை இறக்க இவளுக்கு எத்தனை தடவை பிள்ளையைச் சாகடிப்பேன்? அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு மறக்காதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் தேய்த்துத் தலை குளிப்பாட்டி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் மடியில் விழுந்தது. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அசதியா இருக்குதுங்க்கா. மசக்கைன்னா இப்பிடித்தானுங்ளா?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

"கிளினிக்குப் போயி ஒரு பாட்டில் போட்டுட்டு வந்தரலாமுங்க்கா."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. "போலாம் அம்மணி. மஞ்சப் பாட்டிலே போடச் சொல்றேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எதுவுமே தங்காத அந்தத் தலையில் இது ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது.

"மஞ்ச எல்லாம் சும்மா கலருங்க்கா. வெறும் குளுக்கோஸ் போதும். நீங்க பாடமே நடத்தறீங்க, உங்களுக்குத் தெரியாதுங்ளா?"